பென்சிலுக்கு முன்னால் கொஞ்சம் பயறு, கொஞ்சம் மாவு

சாயங்காலம் ஆறரை மணி. அடுப்பில் குக்கர் விசிலடிக்கிறது. நாலு கோடு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு அம்மா தரையில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே மூன்றரை வயதுக் குழந்தை. கையில் பென்சில், கண்ணில் நீர். "இன்னும் ரெண்டே வரிதான் கண்ணு, எழுதிட்டா செல் தாரேன்" என்று ஒரு கெஞ்சல். பத்து நிமிஷம் போனால் அதே வாயால் ஓர் அதட்டல். இந்தக் காட்சி நடக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. உங்கள் தெருவிலும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

நான் முப்பத்தொரு வருஷம் பால்வாடியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மூன்று வயது, நான்கு வயதுக் குழந்தைகளோடுதான் என் ஆயுசில் பாதி கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகு பாளையங்கோட்டையில் மகன் வீட்டில் இருக்கிறேன். மகனுக்குத் தூத்துக்குடியில் வேலை; வீடு வந்து சேர ராத்திரி எட்டாகிவிடும். மருமகள் ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறாள். போன வருஷம் பேரனை எல்.கே.ஜி.யில் சேர்த்தார்கள். சேர்த்த இரண்டாம் மாதமே டைரியில் ஒரு குறிப்பு வந்தது: "எழுத்துப் பயிற்சி போதவில்லை. வீட்டில் தினமும் இரண்டு பக்கம் எழுத வைக்கவும்."

மருமகள் அதைப் படித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். முகம் வாடிப் போயிருந்தது.

"அத்தை, பென்சிலையே பிடிக்க மாட்டேங்கான். கூடப் படிக்கிற பிள்ளையெல்லாம் ஏ, பி, சி, டி முழுசா எழுதுதாம். பேசாம டியூஷன்ல விட்டுரலாமா?"

மூன்றரை வயதில் டியூஷன்! எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. ஆனால் அவளைக் குறை சொல்லி என்ன பயன்? கட்டின பணம் கொஞ்சநஞ்சமா? பிள்ளை பின்தங்கிவிடுவானோ என்ற பயம் எந்தத் தாய்க்குத்தான் இருக்காது?

"கொஞ்சம் பொறும்மா. நோட்டைப் பார்க்குறதுக்கு முன்னாடி அவன் கையைப் பார்ப்போம்" என்றேன்.

இரண்டு நாள் அவன் கையை மட்டும் கவனித்தேன். டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்க முடியவில்லை. சட்டைப் பொத்தானைப் போட வரவில்லை. வாழைப்பழத்தை உரிக்கச் சொன்னால் நசுக்கிவிடுகிறான். பென்சிலை உலக்கை மாதிரி முழுக்கையால் பிடித்து அழுத்துகிறான், தாள் கிழிகிறது. சோறு ஊட்டித்தான் பழக்கம், அதுவும் செல்போனைப் பார்த்துக்கொண்டே. அந்தப் பிஞ்சு விரல்களுக்கு வேறு வேலையே யாரும் தந்ததில்லை. வேலையே பார்த்தறியாத கையில் பென்சிலைத் திணித்து இரண்டு பக்கம் எழுது என்றால் அது எப்படி எழுதும், சொல்லுங்கள்?

இதில் வைத்திய ரீதியாகவும் ஒரு சங்கதி உண்டு. நம் மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் இருக்கின்றன. குழந்தை பிறக்கும்போது அவை எலும்பாகவே இருப்பதில்லை, மிருதுவான குருத்தெலும்புதான். வருஷங்கள் போகப் போக ஒவ்வொன்றாக இறுகி எலும்பாகிறது. மூன்று வயதில் பாதிக்கு மேல் இன்னும் குருத்துதான். எட்டும் எலும்பாகத் தொடங்குவதற்கே எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் ஆகிவிடும். விரல்களை இயக்கும் சின்னத் தசைகளும் அப்படித்தான், வேலை செய்யச் செய்யத்தான் வலுவடையும்.

குழந்தை டாக்டர்கள் வளர்ச்சியைச் சோதிக்கும்போது படம் வரையச் சொல்வார்கள். பார்த்து வரைவதில் மூன்று வயதில் வட்டம் வரும். நான்கு வயதில் கூட்டல் குறி வரும். முக்கோணம் வர ஐந்து வயதாகும், ஏனென்றால் சாய்கோடு கைக்குக் கஷ்டம். இப்போது நம்முடைய 'அ'வை ஒருதரம் எழுதிப் பாருங்கள். எத்தனை சுழி, எத்தனை வளைவு! இங்கிலீஷ் 'ஏ'யும் 'கே'யும் 'எம்'மும் சாய்கோட்டை வைத்துத்தான் இருக்கின்றன. முக்கோணமே வராத கையிடம் இதைக் கேட்கிறோம்.

இதையெல்லாம் மருமகளிடம் சொன்னேன். அவள் கணக்குப் பார்க்கிறவள் அல்லவா, கணக்காகவே கேட்டாள். "சரி அத்தை. எத்தனை நாள் ஆகும்?"

"மூணு மாசம் குடு. அதுவரைக்கும் வீட்ல பென்சில் கிடையாது."

"மூணு மாசத்துலயும் எழுதலேன்னா?"

"அப்ப நீ சொன்னபடி செய்யலாம்" என்றேன். உள்ளுக்குள் எனக்கும் கொஞ்சம் உதறல்தான். பால்வாடியில் முப்பது பிள்ளைகளோடு செய்ததை வீட்டில் ஒரே பிள்ளையோடு செய்து காட்ட வேண்டும், அதுவும் மருமகள் பார்த்துக்கொண்டிருக்க!

அடுக்களையே பள்ளிக்கூடம்

கடையில் 'கல்வி விளையாட்டுச் சாமான்' என்று பளபளவென்று டப்பா டப்பாவாக விற்கிறார்கள். ஒரு டப்பா ஆயிரம் ரூபாய்க்குக் குறைவில்லை. வாங்கவே வேண்டாம். இட்லித் தட்டு, ஆழாக்கு, சொளகு (மற்ற ஊர்களில் முறம்), துணி காயப்போடும் கிளிப், பழைய நியூஸ் பேப்பர், ஒரு பெரிய தாம்பாளம், இவ்வளவு போதும். தாம்பாளம் முக்கியம். எந்த வேலையானாலும் அதற்குள் வைத்துச் செய்ய வைத்தால், சிந்துவது வீடு முழுக்கப் பரவாது. 'இதுதான் உன் இடம்' என்று குழந்தைக்கும் ஓர் எல்லை தெரியும்.

முதலில் ஊற்றும் வேலை. இரண்டு எவர்சில்வர் டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் முக்கால் அளவு அரிசி. அதை மற்றதற்கு மாற்ற வேண்டும், பிறகு திரும்ப இதற்கு. அவ்வளவுதான் விளையாட்டு. நமக்கு இரண்டு நிமிஷத்தில் அலுத்துவிடும். குழந்தைக்கு அலுக்காது. என் பேரன் முதல்நாள் இருபது தடவைக்கு மேல் மாற்றினான். பாதி அரிசி தாம்பாளத்தில். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலாம் நாள் தானாகவே டம்ளர் விளிம்பை விளிம்போடு சேர்த்து வைத்து மெதுவாகச் சரித்தான். அரிசி பழகிய பிறகு தண்ணீர் கொடுத்தேன். பக்கத்திலேயே ஒரு துண்டுத்துணி. சிந்தினால் அவனே துடைக்க வேண்டும், பிழிய வேண்டும். துணி பிழிவதைப் போல விரலுக்கும் மணிக்கட்டுக்கும் நல்ல வேலை வேறு இல்லை.

ஊற்றும் வேலையிலேயே கணக்கும் வந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் மாமியார் காலத்து ஆழாக்கும் உழக்கும் படியும் இருக்கின்றன. இரண்டு ஆழாக்கு போட்டால் ஓர் உழக்கு நிறையும். எட்டு ஆழாக்கு போட்டால் ஒரு படி. 'எட்டு' என்பதை வாயால் நூறு தரம் சொல்ல வைப்பதைவிட, எட்டுத் தரம் முகந்து கொட்டிப் படி நிறைவதைக் கண்ணால் பார்ப்பது எவ்வளவோ மேல். படி இல்லாத வீட்டில் காப்பி டம்ளரும் சொம்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் வேடிக்கையாக, ஒரே அளவு இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்து, ஒன்றை அகலமான டபராவிலும் இன்னொன்றை உயரமான கண்ணாடிக் குவளையிலும் ஊற்றினேன். "எதுல ஜாஸ்தி இருக்கு?" என்றேன். உயரமானதைக் காட்டினான். கண்ணெதிரே ஊற்றியும் அப்படித்தான் சொன்னான். ஸ்விட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் பியாஜே இதே சோதனையைச் செய்து, ஏழு வயது வாக்கில்தான் இந்தக் குழப்பம் தெளியும் என்று எழுதி வைத்திருக்கிறார். ஆகவே, "மக்கு, ரெண்டும் ஒண்ணுதானே!" என்று தலையில் குட்டாதீர்கள். விளக்கி ஜெயிக்கவும் பார்க்காதீர்கள். இன்னும் ஆயிரம் தடவை ஊற்றட்டும். அது தானே புரியும்.

அடுத்தது பிரிக்கும் வேலை. கொண்டைக்கடலை, மொச்சை, பச்சைப்பயறு மூன்றையும் ஒரு பிடி கலந்து சொளகில் போட்டு, இட்லித் தட்டின் குழிகளில் தனித்தனியாகப் பிரித்துப் போடச் சொல்லலாம். முதலில் பெரிய கடலையும் மொச்சையும் மட்டும். கை பழகியபின் பயறு. ஒவ்வொன்றாக எடுக்கும்போது பாருங்கள், கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்துதான் எடுக்கும். பென்சில் பிடிக்கிற பிடியும் அதே மூன்று விரல்தான்! யாரும் சொல்லித் தராமல் கை அதைக் கற்றுக்கொள்கிறது. இட்லித் தட்டிலேயே 'ஒரு குழிக்கு ஒன்று, இந்தக் குழிக்கு ரெண்டு' என்று எண்ணிப் போடவும் வைக்கலாம். பல்லாங்குழிப் பலகை பரண்மேல் கிடந்தால் இறக்குங்கள். ஆட்டம் ஆடத் தெரிய வேண்டாம். பதினாலு குழிக்கும் ஒவ்வொரு புளியங்கொட்டை போட்டுக்கொண்டே போனால் அதுவே எண்.

இங்கே ஓர் எச்சரிக்கை

இதை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போய்விடாதீர்கள். பயறு, புளியங்கொட்டை, பாசிமணி இவையெல்லாம் மூக்கிலும் காதிலும் போகிற சாமான். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் கொடுக்கவே கூடாது. எதையும் வாயில் போடும் பழக்கம் இருந்தால் மூன்று வயது தாண்டினாலும் கொடுக்கக் கூடாது. வீட்டில் தவழும் தம்பி தங்கை இருந்தால், வேலை முடிந்ததும் எண்ணி எடுத்து வையுங்கள். வேர்க்கடலை வேண்டாம், அது மூச்சுக்குழலில் போய் அடைத்து ஆபரேஷன் தியேட்டர் வரை போன குழந்தைகள் உண்டு.

குன்றிமணி அழகாக இருக்கிறதே, சிவப்பும் கறுப்புமாக எண்ணுவதற்கு ஜோராக இருக்குமே என்று சிலர் கொடுத்துவிடுகிறார்கள். குன்றிமணி கொடிய விஷம். தோல் உடையாமல் விழுங்கினால் தப்பலாம். ஓடு உடைந்தாலோ கடித்து மென்றாலோ உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படியே. எங்கள் பால்வாடியில் ஒரு குழந்தையின் கழுத்தில் குன்றிமணி மாலையைப் பார்த்துவிட்டு, தாயாரைக் கூப்பிட்டு அன்றைக்கே கழற்ற வைத்தேன். அவர் முகம் சுளித்தார், பரவாயில்லை.

தண்ணீர் விளையாட்டு என்றால் சின்னக் கிண்ணம். வாளி, அண்டா பக்கம் தனியாக விடாதீர்கள். முக்கால் அடித் தண்ணீர் உள்ள வாளியில் தலைகுப்புற விழுந்தால் சின்னக் குழந்தையால் எழுந்திருக்க முடியாது. போன் மணி அடித்தது, கதவைத் தட்டினார்கள் என்று எழுந்தால் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள்.

விளையாட்டு இல்லை, நிஜ வேலை

குழந்தைக்கு விளையாட்டைவிடப் பிடித்தது நிஜமான வேலை. நாம் செய்வதைத் தானும் செய்ய வேண்டும் என்பதுதான் அதன் ஆசையெல்லாம். ஆகவே காய்கறிக் கூடையைக் கீழே இறக்கினேன். பச்சைப் பட்டாணி உரிப்பது, அவரைக்காய்க்கு நார் எடுப்பது, கறிவேப்பிலை உருவுவது, வெந்து ஆறின உருளைக்கிழங்கின் தோலை உரிப்பது. முருங்கைக்கீரை ஆய்வதில் எங்கள் பேரன் கெட்டிக்காரன் ஆகிவிட்டான். காம்போடு போட்டுவிடுவான், நான் அப்புறம் பொறுக்கிக்கொள்வேன். சின்ன வெங்காயம் மட்டும் கொடுக்காதீர்கள், கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுது, பிறகு அடுக்களைப் பக்கமே வர மாட்டான்.

இதில் ஓர் அதிசயம். கீரை என்றாலே வாயை மூடிக்கொள்கிறவன், தான் ஆய்ந்த கீரையைத் தட்டில் பார்த்ததும் "நான் ஆஞ்சது" என்று அப்பாவுக்குக் காட்டிக் காட்டித் தின்றான்.

சப்பாத்திக்கு மாவு பிசைகிற நாளில் ஒரு எலுமிச்சை அளவு அவனுக்கும் உண்டு. உருட்டுவது, தட்டுவது, கிள்ளிக் கிள்ளிச் சீடை பண்ணுவது, நீளமாகத் திரித்துப் பாம்பு பண்ணுவது. மாவுப் பாம்பை ஒருநாள் நான் தரையில் நேராக ஒன்றும் படுக்கையாக ஒன்றும் சேர்த்து வைத்து, "இதுதாம்ல 'ட'" என்றேன். அவன் உடனே இன்னொரு பாம்பைப் பக்கத்தில் நிறுத்தினான். "அட, இப்ப 'ப' ஆயிட்டே!" என்றேன். அவனுக்கு ஒரே சிரிப்பு. நேர்கோட்டு எழுத்தான ட, ப, ம-வில் ஆரம்பித்தால் குழந்தைக்கு எவ்வளவு சுலபம் பாருங்கள். அகர வரிசைப்படி சொல்லட்டும், பாடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கையால் பண்ணுவது மட்டும் சுலபமானதிலிருந்து போகட்டும்.

துணி கிளிப்பை ஒரு பிளாஸ்டிக் தட்டின் விளிம்பைச் சுற்றிக் குத்தச் சொல்லுங்கள். சூரியன் மாதிரி ஆகிவிடும். கிளிப்பை அமுக்கித் திறக்கும் பலம் முதலில் வராது. ஒருவாரம் இரண்டு கையாலும் அமுக்கினான். நியூஸ் பேப்பரை நீள நீளமாகக் கிழிப்பது இன்னொன்று. இதற்குக் கத்தரிக்கோல் வேண்டாம், நாலு வயதாகட்டும், அப்போதும் முனை மழுங்கினதுதான். கிழித்ததை மைதாப் பசையில் தோய்த்து, சிரட்டையைக் கவிழ்த்து அதன் மேல் ஒட்டினோம். காய்ந்ததும் கிண்ணமாகக் கழன்று வந்தது. இப்போது அதில் அவன் ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறான்.

தொட்டுச் சொல்லும் விளையாட்டு மருமகளுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. துணிப் பைக்குள் சாவி, எலுமிச்சம்பழம், சீப்பு, கிண்ணி, விரலிமஞ்சள் போட்டுவிடுவோம். பார்க்காமல் கையை விட்டுத் தடவிச் சொல்ல வேண்டும். "சொரசொரன்னு இருக்கு... குளுகுளுன்னு இருக்கு..." என்று சொல்லிச் சொல்லியே எத்தனை வார்த்தை வந்துவிட்டது! ராத்திரி மகன் வந்ததும் அவன் கண்ணையும் கட்டிவிட்டுப் பையை நீட்டுவான். மகன் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுவான். இதற்கு மேல் என்ன வேண்டும்?

மணலும் கோலமும்

இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். மரியா மாண்டிசோரி அம்மையார் இத்தாலியில் டாக்டருக்குப் படித்தவர். 1907-ல் ரோம் நகரத்தில், ஏழைத் தொழிலாளர்கள் வசித்த சான் லோரென்ஸோ பகுதியில் சின்னஞ்சிறு குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். அங்கே குழந்தைகள் தண்ணீர் ஊற்றினார்கள், பொத்தான் போட்டார்கள், மேஜை துடைத்தார்கள். எழுத்தையும் விரலால் தடவித் தடவியே கற்றார்கள். அந்த அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியைகளுக்குப் பயிற்சி தந்தார். உலக யுத்தம் மூண்டதால் திரும்பிப் போக முடியாமல் பல வருஷம் நம் நாட்டிலேயே, அதில் கொஞ்சகாலம் நம் கொடைக்கானலிலும் இருந்தார்.

அவருடைய எழுத்து அட்டையை வீட்டிலேயே செய்யலாம். ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் கிடைக்கும், நைசானதாகக் கேட்டு வாங்குங்கள். அதில் எழுத்தை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி அட்டையில் ஒட்டி, இரண்டு விரலால், எழுதும் திசையிலேயே தடவச் சொல்லுங்கள். தடவும்போது நாம் அந்த ஒலியைச் சொல்ல வேண்டும். ஒருநாளைக்கு ஓர் எழுத்து போதும்.

அதற்கும் முன்னாலேயே நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில்தானே விரலால் எழுதினார்கள்? ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளி ஒன்றை நடத்தினார். நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்து, 1797-ல் லண்டனில் புத்தகமும் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்றே அது இங்கிலாந்தில் பரவிற்று. நம் மணல் கப்பலேறிப் போயிருக்கிறது. நாமோ அதை விட்டுவிட்டு நாலு கோடு நோட்டுக்குப் போய்விட்டோம்! விஜயதசமியன்று மட்டும் ஒருநாள் அரிசியில் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோம். மறுநாளும் அந்தத் தட்டை எடுத்து வைத்தால் என்ன?

எங்கள் தாம்பாளத்தில் ஆற்றுமணலைச் சலித்து, கழுவிக் காயவைத்துப் பரப்பினேன். மணல் கிடைக்காதவர்கள் ரவை போடலாம். வட்டம், கோடு, மலை, அலை, பாம்பு. தப்பானால் ஒரு குலுக்கு, அழிந்துவிடும். ரப்பர் தேய்த்துத் தாள் கிழியும் பயம் இல்லை. பையனுக்கு அந்தக் குலுக்கலே பாதிச் சந்தோஷம்.

காலையில் வாசலில் நான் கோலம் போடும்போது அவனுக்கும் ஒரு சிரட்டையில் மாவு கொடுத்தேன். "ஆம்பளப் பிள்ளைக்குக் கோலமா?" என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டார். "விரலுக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமாக்கா?" என்று கேட்டுவிட்டு நான் என் பாட்டுக்குப் போட்டேன். மாவைக் கிள்ளிப் புள்ளி வைப்பதும், விரலிடுக்கில் சீராக விட்டுக் கோடு இழுப்பதும் சாமானிய வேலை இல்லை. முதல் மாதம் அவன் போட்டதெல்லாம் மாவுக் குவியல்தான். எறும்புக்கு விருந்து.

மூன்று மாதம் முடிந்தது. மருமகள் தேதியை மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளே தடிமனான ஒரு கலர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள், பென்சில் இல்லை, அதுவே எனக்கு ஆறுதலாக இருந்தது. வாசல் சிமெண்டுத் தரையில் அவன் பெரிதாக ஒரு 'ட' போட்டான், பக்கத்தில் ஒரு 'ப'. 'ப' கொஞ்சம் சாய்ந்திருந்தது. மூன்று விரலால் பிடித்திருந்தான். "அத்தை, கையைப் பாருங்க" என்றாள் அவள், எழுத்தைப் பார்க்கவில்லை. வகுப்பில் அவன் முதலாவது எழுதுகிறவன் அல்ல, இன்றைக்கும் அல்ல. ஆனால் டிபன் பாக்ஸைத் தானே திறக்கிறான். நோட்டைக் கண்டு அழுவதில்லை.

பள்ளியிலும் போய்ப் பேசினோம். மருமகளேதான் பேசினாள். வீட்டுப்பாடத்தைக் குறைக்க ஒரு வழியாக ஒப்புக்கொண்டார்கள், இரண்டு பக்கம் இரண்டு வரியாயிற்று. 2022-ல் மத்திய அரசு வெளியிட்ட பாடத்திட்ட வரைவிலேயே மூன்று முதல் எட்டு வயதுவரை விளையாட்டு வழியாகத்தான் கற்பிக்க வேண்டும் என்று இருக்கிறது. கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு, தயங்காதீர்கள்.

சில சந்தேகங்கள்

"நான் வேலைக்குப் போகிறவள், இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்பீர்கள். என் மருமகளும் அதைத்தான் கேட்டாள். தனியாக நேரம் ஒதுக்கவே வேண்டாம். இந்த வயதில் ஒரு வேலையில் பத்து, பதினைந்து நிமிஷம் மனம் நின்றால் பெரிது. நீங்கள் மாவு பிசையும்போது அது பிசையட்டும். துணி மடிக்கும்போது கைக்குட்டைகளை அது மடிக்கட்டும், சாக்ஸ் ஜோடி சேர்க்கட்டும். பாத்திரம் கவிழ்க்கும்போது எந்த மூடி எந்தப் பாத்திரத்துக்கு என்று அது கண்டுபிடிக்கட்டும். ஒருநாளைக்கு ஒன்று போதும். அலுப்புத் தட்டுமுன் நிறுத்திவிடுங்கள்.

செல்போனில் எழுத்து சொல்லித்தரும் விளையாட்டெல்லாம் இருக்கிறதே என்கிறார்கள். கண்ணாடியைத் தேய்ப்பதில் விரலுக்கு என்ன பலம் வந்துவிடும்? உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது, இரண்டு முதல் நான்கு வயதுவரை திரையின் முன் உட்காருவது நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று. எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் செல் கிடையாது என்று வைத்தோம். முதல் நாலு நாள் ரகளை, அப்புறம் சரியாயிற்று.

இடது கையால் செய்தால்? செய்யட்டும். எழுதுவதில் கையை மாற்ற அடிக்கவோ மிரட்டவோ வேண்டாம். ஆனால் ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் உபயோகித்து மற்றதை மடக்கியே வைத்திருந்தாலும், மூன்று வயதாகியும் ஸ்பூன் பிடிக்கவோ இரண்டு மூன்று வார்த்தை சேர்த்துப் பேசவோ வராவிட்டாலும், ஏற்கெனவே வந்தது மறைந்து போனாலும் 'தானா வரும்' என்று இருந்துவிடாதீர்கள். குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

சப்பாத்தி மாவு தினம் கிடைக்காதே என்கிறவர்களுக்காக எங்கள் பால்வாடி மாவு: மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், எண்ணெய் 2 டீஸ்பூன், தண்ணீர் முக்கால் கப்பிலிருந்து 1 கப் வரை, மெதுவாக விட்டுப் பிசைய வேண்டும். நிறத்துக்குப் பீட்ரூட் சாறு சேர்க்கலாம். மஞ்சள்தூள் சேர்த்தால் சட்டைக் கறை போகாது. உப்பு அதிகம் இருப்பதால் இதைத் தின்னக் கூடாது, ஒரு கிள்ளு வாயில் போட்டால் உடனே துப்பச் சொல்லி வாய் கொப்பளிக்க வையுங்கள். மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒருவாரம் வரும். கையில் ஒட்டினால் கொஞ்சம் மைதா தூவிக்கொள்ளுங்கள்.